வீட்டு ஒலிக்கருவிகளில் மின் பாதுகாப்பு

வீட்டு ஒலிக்கருவிகளில் மின் பாதுகாப்பு என்பது வானொலி, ஆம்பிளிபயர் எனப்படும் மிகைப்பி, ஹோம் தியேட்டர், ஸ்பீக்கர் எனப்படும் ஒலிபெருக்கி முதலியவற்றால் மின்னதிர்ச்சியோ தீ விபத்தோ நேராமல் தடுக்கவும், அக்கருவிகள் பழுதாகாமல் காக்கவும் செய்யப்படும் ஏற்பாடுகளைக் குறிக்கும். இவ்வேற்பாடுகள் இரு வகைப்படும். ஒன்று கருவியைக் காப்பது. மற்றொன்று மனிதரைக் காப்பது. கருவியின் உள்ளே இருக்கும் உருகி, ரிலே, வெப்பத் துண்டிப்பு ஆகியவற்றின் முதன்மைப் பணி கருவியைக் காப்பதும் தீயைத் தடுப்பதுமே ஆகும். மனிதரைக் காக்கும் ஏற்பாட்டின் ஒரு பகுதி கருவிக்கு வெளியே, வீட்டின் மின்னிணைப்பில் உள்ளது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே பல விபத்துகளுக்குக் காரணமாகிறது.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு போன்ற பகுதிகளில் இவ்வேறுபாடு கூடுதல் முதன்மை பெறுகிறது. கம்பங்களின் மீது செல்லும் திறந்த மின்தொடர்கள், இடிமழை, கோடையில் வறண்டு போகும் மண், உள்ளூரிலேயே கட்டப்படும் மிகைப்பிகள் ஆகியவை அங்கு ஒருங்கே காணப்படுகின்றன. எனவே இக்கட்டுரையில் அப்பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

மின்னதிர்ச்சியும் மின்னோட்ட அளவும்

இந்தியாவில் வீடுகளுக்கு 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 230 வோல்ட்டு மாறுதிசை மின்னழுத்தம் வழங்கப்படுகிறது. இதன் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட்டு ஆகும். உடலுக்குத் தீங்கு செய்வது உடலின் வழியே பாயும் மின்னோட்டமே. அதன் விளைவுகள் தோராயமாகப் பின்வருமாறு அமையும்.

* 0.5 மில்லி ஆம்பியர்: மின்னோட்டம் உணரப்படத் தொடங்கும்.
* 10 மில்லி ஆம்பியர்: தசைகள் இறுகி, பிடித்த பொருளைக் கையால் விட முடியாத நிலை ஏற்படலாம்.
* 30 மில்லி ஆம்பியருக்கு மேல்: மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். மின்னோட்டம் நீடித்தால் இதயத் துடிப்பு ஒழுங்கிழந்து உயிரிழப்பு நேரலாம்.

உடலின் மின்தடை தோலின் ஈரத்தையும் தொடும் பரப்பையும் பொறுத்து மாறும். கணக்கிடும் வசதிக்காக அதனை 1000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இது உயிரைப் பறிக்கப் போதுமானதாகும். ஆனால் மிகைப்பியில் உள்ள 2 ஆம்பியர் உருகி, 2000 மில்லி ஆம்பியரைத் தடையின்றித் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மின்கசிவுள்ள பெட்டியை ஒருவர் தொட்டு 230 மில்லி ஆம்பியர் அவர் வழியே பாய்ந்தாலும் அவ்வுருகி உருகாது. "பியூஸ் இருக்கிறது, ஷாக் அடிக்காது" என்னும் பரவலான நம்பிக்கை இக்காரணத்தால் தவறாகும்.

கருவிகளின் வகுப்புகள்

மின்னதிர்ச்சியைத் தடுக்கும் முறையைக் கொண்டு கருவிகள் வகுக்கப்படுகின்றன.

* முதல் வகுப்பு: உலோகப் பெட்டி புவிக்கம்பியுடன் இணைக்கப்பட்டிருக்கும். மூன்று முனைச் செருகி இன்றியமையாதது. பெரிய மிகைப்பிகள் பலவும் இவ்வகையின.
* இரண்டாம் வகுப்பு: இரட்டைக் காப்பு அல்லது வலுவூட்டப்பட்ட காப்பு கொண்டது. புவிக்கம்பி தேவையில்லை. ஒரு சதுரத்தினுள் மற்றொரு சதுரம் வரைந்த குறியீடு இதன் அடையாளம்.
* மூன்றாம் வகுப்பு: மின்கலத்தாலோ தனி அடாப்டராலோ தீங்கற்ற குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குவது. இங்கு பாதுகாப்பின் பொறுப்பு முழுவதும் அடாப்டரைச் சேரும்.

இரு முனைச் செருகி இருப்பதாலேயே ஒரு கருவி ஆபத்தானது ஆகிவிடாது. உலோகப் பெட்டி, இரு முனைச் செருகி, இரட்டைச் சதுரக் குறியீடு இன்மை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த கருவியே ஐயத்துக்குரியது. அதனுள் ஒரேயொரு காப்பு பழுதானாலும் பெட்டி முழுவதும் மின்னேற்றம் பெற்றுவிடும்.

மனிதரைக் காக்கும் ஏற்பாடுகள்

காப்பிடல்

மின்மாற்றியின் முதன்மைச் சுருள் 230 வோல்ட்டுடன் இணைந்துள்ளது. துணைச் சுருள், மிகைப்பிச் சுற்றுக்கு வேண்டிய குறைந்த மின்னழுத்தத்தைத் தருகிறது. இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை. காந்தப் புலத்தின் வழியாகவே ஆற்றல் கடத்தப்படுகிறது. இப்பிரிவே பயனரைக் காக்கும் முதல் அரண் ஆகும். எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் நிலைமாற்று மின்வழங்கிகளில் இப்பணியைச் சிறிய உயர் அதிர்வெண் மின்மாற்றியும் ஒளிவழி இணைப்பியும் செய்கின்றன.

புவி இணைப்பு

காப்பு பழுதாகி மின்கம்பி பெட்டியைத் தொட்டால், மின்னோட்டம் புவிக்கம்பி வழியே பாய்ந்து உருகியை உருக்க வேண்டும். இது நடைபெறுவதற்குப் புவி இணைப்பின் மின்தடை குறைவாக இருத்தல் வேண்டும். தனிப் புவிமின்வாயை மட்டும் நம்பியுள்ள வீட்டில் அதன் மின்தடை 10 ஓம் என்றால், வழியில் உள்ள பிற தடைகளைப் புறக்கணித்து, 23 ஆம்பியர் பாயும். 5 ஆம்பியர் உருகி உடனே உருகும். மின்தடை 50 ஓம் என்றால் 4.6 ஆம்பியர் மட்டுமே பாயும். அவ்வுருகி உருகாது. பெட்டி ஏறத்தாழ 230 வோல்ட்டிலேயே நீடிக்கும். புவிக்கம்பி இணைக்கப்பட்டுள்ளது என்பது மட்டும் போதாது. அதன் தரமும் வேண்டும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

மின்கசிவுத் துண்டிப்பான்

ஆர்.சி.சி.பி. என வழங்கும் இத்துண்டிப்பான், வீட்டினுள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு தோன்றினால் ஒரு பகுதி வேறு வழியே, ஒருவேளை மனித உடல் வழியே, மண்ணுக்குச் செல்கிறது என்று பொருள். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை அடைவதற்குள் துண்டிக்கும் வகையே வீடுகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. மேலே கண்ட 50 ஓம் எடுத்துக்காட்டில் உருகி வாளாவிருக்க, இத்துண்டிப்பான் நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும். எனினும் மின்னோட்டக் கம்பியையும் நடுநிலைக் கம்பியையும் ஒருசேரத் தொடுபவரை இது காக்காது. எம்.சி.பி. எனப்படும் சிறு துண்டிப்பான் மிகை மின்னோட்டத்துக்கு மட்டுமே செயல்படும். அது இதற்கு மாற்று ஆகாது.

கருவியைக் காக்கும் ஏற்பாடுகள்

* உருகி: குறுக்குச் சுற்றினால் கம்பிகள் சூடேறித் தீப்பற்றுவதைத் தடுக்கிறது. மதிப்பின் முன்னால் உள்ள எஃப் என்னும் எழுத்து விரைந்து உருகுவதையும், டி என்னும் எழுத்து தாமதித்து உருகுவதையும் குறிக்கும். பெரிய மின்மாற்றி இயங்கத் தொடங்கும் கணத்தில் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால் அங்கு டி வகை பொருத்தப்படும். உருகிக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.
* நேர்மின்னோட்டக் காப்பு: வெளியீட்டு டிரான்சிஸ்டர் பழுதானால் மின்வழங்கியின் முழு நேர்மின்னழுத்தமும் ஒலிபெருக்கியைச் சென்றடையலாம். 35 வோல்ட்டு 8 ஓம் சுருளில் செலுத்தப்பட்டால் 4 ஆம்பியருக்கு மேல் பாய்ந்து, ஏறத்தாழ 153 வாட்டு வெப்பம் தோன்றும். சுருள் கருகும், காகிதக் கூம்பு தீப்பற்றவும் கூடும். இதனை உணர்ந்து ஒரு ரிலே ஒலிபெருக்கியைத் துண்டிக்கிறது. மிகைப்பியை இயக்கிய சில நொடிகளுக்குப் பின் கேட்கும் 'டிக்' ஒலி பெரும்பாலும் இந்த ரிலேயினுடையதே.
* வெப்பத் துண்டிப்பு: வெப்பம் வரம்பு மீறும்போது மிகைப்பி தானாக நின்று, ஆறியபின் மீண்டும் இயங்கும். டி.டி.ஏ. 2030 போன்ற ஐ.சி.களில் இது உள்ளேயே அமைந்துள்ளது. காற்றோட்டத் துளைகளைத் துணியாலோ விரிப்பாலோ மூடுதல் கூடாது.
* மின்னெழுச்சிக் காப்பு: வேரிஸ்டர் என்னும் உறுப்பு வழக்கமான மின்னழுத்தத்தில் மின்னோட்டத்தை ஏறக்குறைய கடத்துவதில்லை, மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால் கடத்தி, எழுச்சியைத் தன்மீது வாங்கிக்கொள்கிறது. இது உருகிக்கு அடுத்ததாக அமைய வேண்டும். அப்போதுதான் மிகை மின்னழுத்தம் நீடிக்கையில் உருகி உருகி, கருவி துண்டிக்கப்படும்.

ஒலிபெருக்கிக் கம்பிகளும் எப்போதும் தீங்கற்றவை அல்ல. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 100 வாட்டு வழங்கும் மிகைப்பியின் வெளியீட்டு மின்னழுத்தம் 28 வோல்ட்டு. 500 வாட்டு எனில் 63 வோல்ட்டு. திருவிழாக்களில் கட்டப்படும் குழாய் ஒலிபெருக்கிகளுக்கு 100 வோல்ட்டுத் தொடர்களும் பயன்படுவதுண்டு. முனைகளின் அருகே மின்னல் குறி அச்சிடப்பட்டிருந்தால், கருவி இயங்கும்போது அவற்றின் வெற்றுப் பகுதியைத் தொடக்கூடாது.

கம்பம் பள்ளத்தாக்கின் சூழல்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடையே கம்பம் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். கூடலூரை அடுத்த லோயர் கேம்பில், முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டு இயங்கும் பெரியாறு நீர்மின் நிலையம் 1958 முதல் மின்னாக்கம் செய்து வருகிறது. எனினும் மின்நிலையம் அருகில் இருப்பதால் அவ்வூர்களின் வீட்டு மின்னழுத்தம் சீராக இருக்கும் என்று கொள்ள இயலாது. மின்சாரம் உயர் அழுத்தத் தொடர்களில் ஏறி, துணை மின்நிலையங்களைக் கடந்து, ஊரின் மின்மாற்றி வழியாகவே வீட்டை அடைகிறது. வீட்டில் கிடைக்கும் மின்னழுத்தத்தின் தரத்தை அக்கடைசித் தொலைவே பெரிதும் முடிவு செய்கிறது.

இச்சூழலில் கவனிக்க வேண்டிய கூறுகள் பின்வருமாறு.

நடுநிலைக் கம்பி அறுதல்: ஊர் மின்மாற்றியிலிருந்து மூன்று மின்னோட்டக் கம்பிகளும் நியூட்ரல் எனப்படும் ஒரு நடுநிலைக் கம்பியும் செல்கின்றன. தென்மேற்குப் பருவக் காலத்தில் கணவாய்கள் வழியே வீசும் பலத்த காற்றில் மட்டையோ கிளையோ விழுந்து நடுநிலைக் கம்பி மட்டும் அறுந்தால், வீடுகளின் மின்னழுத்தம் நிலைகுலையும். மிகுதியாக மின்சாரம் பயன்படுத்தும் வீட்டில் மின்னழுத்தம் குறைந்து, குறைவாகப் பயன்படுத்தும் வீட்டில் 400 வோல்ட்டை நெருங்கவும் கூடும். விளக்குகள் திடீரென மிகப் பிரகாசமாக எரிந்தால் முதன்மை இணைப்பை உடனே நிறுத்த வேண்டும்.

மின்னல்: ஏப்ரல், மே மாதக் கோடை இடிமழையும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் மின்னலைக் கொண்டு வருகின்றன. அருகில் விழும் மின்னலும் மின்தொடர்களிலும் தொலைக்காட்சி வடங்களிலும் எழுச்சியைத் தூண்டும். ஆளி 'ஆஃப்' நிலையில் இருப்பது இதற்குப் பாதுகாப்பன்று. அதன் சிறு இடைவெளியை எழுச்சி தாண்டிவிடும். இடி தொடங்குமுன் மின்செருகியையும் தொலைக்காட்சி வடத்தையும் கழற்றி வைப்பதே நம்பத்தக்க வழி. இடி முழங்கும்போது அவற்றைத் தொடுவது தவறு.

வறண்ட மண்: மண்ணில் ஈரம் குறையக் குறைய, புவிமின்வாயின் மின்தடை உயரும். மலையடிவாரங்களின் பாறை கலந்த செம்மண்ணில் இது கோடையில் மிகும். ஏறத்தாழ 2.5 மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைக் கரி, உப்பு ஆகியவற்றுடன் புதைத்து, கோடையில் நீர் ஊற்றி வருவது வழக்கம். மழைக்காலத்தில் சரியாக இருந்த புவி இணைப்பு கோடையில் தவறக்கூடும் என்பதால், மின்கசிவுத் துண்டிப்பானின் தேவை இங்கு கூடுகிறது.

இன்வெர்ட்டர்: 2012ஆம் ஆண்டு தமிழ்நாடெங்கும் நீண்ட நேர மின்வெட்டு நிலவியபோது பல வீடுகளில் இன்வெர்ட்டர்கள் இடம்பெற்றன. மின்வாரிய மின்சாரம் நின்ற பின்னரும் இன்வெர்ட்டர் தொடரில் 230 வோல்ட்டு இருக்கும். ஆகவே 'கரண்ட் இல்லை' என எண்ணி மிகைப்பியைத் திறப்பது ஆபத்தானது. செருகியைக் கழற்றிய பின்னரே திறக்க வேண்டும். அதன் பின்னரும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம். நிலைமாற்று மின்வழங்கியின் முதன்மை மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருப்பதுண்டு.

உள்ளூரில் கட்டப்படும் மிகைப்பிகள்

தமிழ்நாட்டில் 'அசெம்பிள் செட்' எனப்படும், உதிரிப் பாகங்களைக் கொண்டு கட்டப்படும் மிகைப்பிகளுக்கு நீண்ட மரபு உண்டு. சென்னை ரிச்சி தெருவிலும் மாவட்ட நகரங்களின் மின்னணுக் கடைகளிலும் கிடைக்கும் 12-0-12 மின்மாற்றி, எல்.ஏ. 4440 அல்லது டி.டி.ஏ. 2030 பலகை, தகரப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டு குறைந்த செலவில் நல்ல ஒலியைப் பெற முடிகிறது. மாணவர் பலர் மின்னணுவியலைக் கற்றதும் இவ்வழியே. இவற்றின் ஒலிச்சுற்று பெரும்பாலும் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குவதால் தீங்கு செய்வதில்லை. ஆபத்து, மின்செருகி முதல் மின்மாற்றி வரையிலான சில அங்குலத் தொலைவிலேயே உள்ளது.

அவ்விடத்தில் காணப்படும் பொதுவான குறைகள்: இரு கம்பி வடம், தகரத்தின் கூரிய துளை விளிம்பில் உரசும் வடம், பிடிப்பான் இல்லாமல் முடிச்சால் நிறுத்தப்பட்ட வடம், உருகி இன்மை, மூடப்படாத மின்மாற்றி முனைகள். சில ஆண்டு அதிர்வுக்குப் பின் வடத்தின் உறை தேய்ந்து தகரத்தைத் தொட்டால், பெட்டி முழுவதும் மின்னேற்றம் பெறும். இதனைத் தடுக்கும் முறை எளியது.

1. மூன்று கம்பி வடமும் மூன்று முனைச் செருகியும் பயன்படுத்த வேண்டும்.
2. புவிக்கம்பியைப் பெட்டியின் பெயின்டைச் சுரண்டிய இடத்தில், தனித் திருகால், பற்களுள்ள வளையம் இட்டு இறுக்க வேண்டும். வடம் இழுபட்டால் கடைசியாக அறுவது புவிக்கம்பியாக இருக்கும்படி அதன் நீளத்தைச் சற்றுக் கூடுதலாக விட வேண்டும்.
3. பேஸ் என்று மின்பணியாளர் கூறும் மின்னோட்டக் கம்பியில் முதலில் உருகியும் அடுத்து ஆளியும் அமைய வேண்டும். நடுநிலைக் கம்பியில் மட்டும் ஆளி இருந்தால், நிறுத்திய பின்னரும் உள்ளே மின்னழுத்தம் இருக்கும்.
4. வடம் நுழையும் துளையில் ரப்பர் வளையமும், உள்ளே வடப் பிடிப்பானும் வேண்டும்.
5. முதன்மைச் சுருளின் முனைகளைக் காப்புக் குழல் இட்டு மூட வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு மின்மாற்றியின் விலையை நோக்கச் சிறியதே.

இரைச்சலும் புவிக்கம்பியும்

தொலைக்காட்சியையும் மிகைப்பியையும் இணைத்தபின் 'ஹம்' என்னும் தாழ்ந்த இரைச்சல் கேட்பதுண்டு. இரு கருவிகளின் புவி இணைப்புகளும் ஒலிவடத்தின் உறையும் சேர்ந்து ஒரு வளையம் உருவாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் பாய்வது இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. செருகியின் தடித்த புவிமுனையை நீக்கினால் இரைச்சல் நிற்கும். ஆனால் அத்துடன் உயிர்க்காப்பும் நீங்கிவிடும். அதன்பின் உள்ளே பழுது நேர்ந்தால், மின்னோட்டம் மண்ணை அடையும் வழி, பெட்டியைத் தொடுபவரின் உடலாகவே இருக்கும்.

ஒலிக்கருவிகளால் நேர்ந்த உயிரிழப்புகள் இதன் தீவிரத்தை உணர்த்துகின்றன. ஸ்டோன் த குரோஸ் இசைக்குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972ஆம் ஆண்டு வேல்சின் சுவான்சியில் புவி இணைப்பு சரியில்லாத ஒலிவாங்கியை மேடையில் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவின் முன்னாள் பாடகர் கீத் ரெல்ப், 1976ஆம் ஆண்டு லண்டனில் தம் வீட்டிலேயே மின்கிதார் இசைக்கையில் மின்னதிர்ச்சியால் உயிரிழந்தார்.

இரைச்சலைப் போக்கப் பாதுகாப்பான வழிகள் உள்ளன. கருவிகள் அனைத்தையும் ஒரே பலகையிலிருந்து இணைக்கலாம். ஒலிவடத்தின் இடையில் சிறு பிரிப்பு மின்மாற்றியைப் பொருத்தலாம். தொலைக்காட்சி வடத்தைக் கழற்றும்போது இரைச்சல் நின்றால், அதற்குரிய பிரிப்பானை இடலாம். ஒளியிழை வழி ஒலியிணைப்பு இருப்பின் சிக்கலே எழாது.

பழைய வானொலிகள்

சேகரிப்பாளர்கள் விரும்பும் வால்வு வானொலிகளுள், மாறுதிசை, நேர்திசை ஆகிய இரு மின்சாரத்திலும் இயங்கும் வகை தனிக் கவனத்துக்குரியது. இவற்றில் மின்மாற்றி இல்லை. உள்ளிருக்கும் உலோகத் தட்டு மின்தொடரின் ஒரு கம்பியுடன் நேரே இணைந்திருக்கும். இரு முனைச் செருகியைத் திருப்பிச் செருகினால் அத்தட்டே 230 வோல்ட்டில் இருக்கும். குமிழ் கழன்ற தண்டைத் தொடுவதும் ஆபத்தாகும்.

வளைகுடா நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட டேப் ரெக்கார்டர்கள் பலவற்றில் மின்னழுத்தத் தேர்வு ஆளி உண்டு. சவூதி அரேபியாவில் நெடுங்காலம் வீடுகளுக்கு 127 வோல்ட்டு வழங்கப்பட்டது. ஆளியை அந்நிலையிலேயே விட்டு இங்கு இணைத்தால் மின்மாற்றி மிகையாகச் சூடேறி எரிந்து போகலாம்.

தரநிலைகள்

ஒலி, ஒளிக் கருவிகளின் பாதுகாப்புக்குப் பன்னாட்டு அளவில் ஐ.இ.சி. 60065 தரநிலையும், அதனைத் தழுவி இந்தியாவில் ஐ.எஸ். 616 தரநிலையும் பயன்பட்டன. ஐ.இ.சி. 60065-க்கு மாற்றாக ஐ.இ.சி. 62368-1 உருவாக்கப்பட்டது, அதன் முதற்பதிப்பு 2010இல் வெளிவந்தது. ஆற்றல் மூலம், தடுப்பு, மனிதர் என்னும் மூன்று கூறுகளைக் கொண்டு, ஒவ்வோர் ஆற்றல் மூலத்துக்கும் மனிதருக்கும் இடையே போதிய தடுப்பு உள்ளதா என இது ஆராய்கிறது. வீட்டு இணைப்பில் புவி இணைப்புக்கு ஐ.எஸ். 3043, செருகிகளுக்கு ஐ.எஸ். 1293 ஆகிய தரநிலைகள் உள்ளன.

2012ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட கட்டாயப் பதிவு ஆணை, இந்தியாவில் விற்கப்படும் குறிப்பிட்ட மின்னணுக் கருவிகள் இந்தியத் தர அமைவனத்தில் பதிவு பெறுவதைக் கட்டாயமாக்கியது. 200 வாட்டும் அதற்கு மேலும் உள்ளீட்டுத் திறன் கொண்ட மின்னணு இசைக் கருவித் தொகுதிகள் அதன் முதற்பட்டியலில் இருந்தன. உதிரிப் பாகங்களைக் கொண்டு ஒருவர் தமக்கெனக் கட்டிக்கொள்ளும் மிகைப்பி இத்தகைய சோதனை எதையும் கடந்து வருவதில்லை. அதனைச் சோதிக்கும் பொறுப்பு அதைக் கட்டியவரையே சேரும்.

சோதித்தறிதல்

பெட்டியைத் தொடும்போது தோன்றும் மெல்லிய கூச்சம் எப்போதும் பழுதைக் குறிப்பதில்லை. நிலைமாற்று மின்வழங்கிகளில் இரைச்சலை வடிகட்ட இடப்படும் 4.7 நானோ ஃபாரட் மின்தேக்கியின் வழியே 230 வோல்ட்டில் ஏறத்தாழ 0.34 மில்லி ஆம்பியர் பாயும். இது உணரப்படக்கூடும், எனினும் உயிருக்குத் தீங்கு செய்யாது. ஆனால் இதனையும் தொடக்க நிலையிலுள்ள காப்புப் பழுதையும் விரலால் வேறுபடுத்தி அறிய முடியாது. நியான் டெஸ்டரும் மிகச் சிறிய மின்னோட்டத்திலேயே ஒளிர்வதால் இரண்டுக்கும் எரியும். கருவியைக் கழற்றி, பின்வருவனவற்றை அளந்தே முடிவுக்கு வர வேண்டும்.

* முதல் வகுப்புக் கருவியில், செருகியின் புவிமுனைக்கும் பெட்டிக்கும் இடையிலான மின்தடை ஓர் ஓமுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும்.
* மின்பணியாளரைக் கொண்டு 500 வோல்ட்டு மெக்கரால் அளக்கும்போது, மற்ற இரு முனைகளுக்கும் பெட்டிக்கும் இடையிலான காப்புத்தடை பல மெகா ஓம் இருத்தல் வேண்டும்.
* மின்கசிவுத் துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, அது துண்டிக்கிறதா எனக் காண வேண்டும். இப்பொத்தான் துண்டிப்பானை மட்டுமே சோதிக்கும். புவி இணைப்பைச் சோதிக்காது.

விபத்து நேர்ந்தால்

மின்னதிர்ச்சிக்கு ஆளானவரை வெறுங்கையால் தொடக்கூடாது. முதலில் முதன்மை இணைப்பை நிறுத்த வேண்டும். இன்வெர்ட்டர் இருப்பின் அதனையும் நிறுத்த வேண்டும். உடனே இயலாதபோது, உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் அவரைக் கருவியிலிருந்து விலக்கலாம். மூச்சு இல்லையெனில் இதயமீட்பு முதலுதவியைத் தொடங்கி, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். அவர் எழுந்து நடந்தாலும் இதயத் துடிப்பு பின்னர் பாதிக்கப்படக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். விபத்துக்குக் காரணமான கருவி, பழுது கண்டறியப்பட்டுச் சோதிக்கப்படும் வரை மீண்டும் இணைக்கப்படலாகாது.